தகுதி காத்த சட்டம்

அரசுப் பணி என்பது வென்றவர் பங்கிட்டுக்கொள்ளும் கொள்ளைப் பொருளன்று. மக்கள் அனைவர்க்கும் உரிய பொறுப்பாகும். இவ்வுண்மையைச் சட்டமாக்குவதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகள் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது.

1829 ஆம் ஆண்டு ஆண்ட்ரூ ஜாக்சன் அதிபரானார். அதன் பின்னர், தேர்தலில் வென்ற கட்சி தன் ஆதரவாளர்க்கே பதவிகளை வழங்கும் வழக்கம் வேரூன்றியது. ஆட்சி மாறியபோதெல்லாம் அஞ்சல், சுங்க அலுவலர் பலர் குற்றமேதுமின்றி விலக்கப்பட்டனர். பதவியில் இருந்தோர் தம் ஊதியத்தில் ஒரு பகுதியைக் கட்சிக்குச் செலுத்த நேர்ந்தது.

1881 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 2 ஆம் நாள், பதவி கேட்டுப் பெறாத சார்லஸ் கிட்டோ என்பவன் அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டைத் துப்பாக்கியால் சுட்டான். செப்டம்பர் 19 ஆம் நாள் அதிபர் உயிர் நீத்தார். நாடு அதிர்ந்தது. அவருக்குப் பின் அதிபரான செஸ்டர் ஆர்தர், கட்சிச் செல்வாக்கினாலேயே முன்னர்ச் சுங்கத்துறைப் பதவி பெற்றவர். எனினும், 1883 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 16 ஆம் நாள் பெண்டில்டன் சட்டத்தில் கையொப்பமிட்டவர் அவரே.

போட்டித் தேர்வின் வழியே பணியமர்த்த வேண்டும். கட்சிக்கு நிதி தர மறுத்தவரைப் பணிநீக்கம் செய்யலாகாது என்று அச்சட்டம் விதித்தது. தொடக்கத்தில் நடுவண் அரசுப் பணிகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே அதன்கீழ் வந்தது. மேலும், நுழைவாயிலைக் காத்த அச்சட்டம் வெளிவாயிலை முழுமையாகக் காக்கவில்லை. பணியின் செம்மையை முன்னிட்ட காரணமின்றி எவரையும் நீக்கலாகாது. குற்றச்சாட்டை எழுத்தில் தந்து, மறுமொழி கூறவும் வாய்ப்பளிக்க வேண்டும் என 1912 ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த பின்னரே அக்குறை நீங்கியது.

ஆயினும், விதி இருந்தும் நீதி தவறியதுண்டு. தேர்வில் முன்னின்ற மூவருள் ஒருவரை அலுவலகத் தலைவர் தெரிந்தெடுக்கலாம் என்ற விதி அந்நாளில் இருந்தது. உட்ரோ வில்சன் ஆட்சியில், 1914 ஆம் ஆண்டு முதல், விண்ணப்பத்துடன் நிழற்படமும் கேட்கப்பட்டது. அதனால் கறுப்பின மக்கள் தேர்வில் முன்னின்றும், முகம் கண்டு ஒதுக்கப்பட்டனர். 1940 ஆம் ஆண்டில்தான் அம்முறை கைவிடப்பட்டது. 1978 ஆம் ஆண்டுச் சட்டமோ தகுதி நெறிகளைத் தொகுத்துரைத்து, முறையீடு கேட்கத் தனி வாரியமும் அமைத்தது.

தேர்வுத்தாள் மட்டும் தகுதியைக் காத்துவிடாது. சேர்க்கும்போதும் நீக்கும்போதும் காரணம் கூறக் கடமைப்பட்ட ஆட்சியே நீதியுடைய ஆட்சி. இதனை இளைய தலைமுறை உணர்தல் வேண்டும்.