இரவல் ஒளி: மருதானை வீதிகளில் துவிச்சக்கர வண்டி

துவிச்சக்கர வண்டியின் இரவுப் பயண வரலாற்றில் இரண்டு கட்டங்கள் தெளிவாகத் தெரிகின்றன. முதற் கட்டத்தில் வண்டி தனக்கு வேண்டிய வெளிச்சத்தைத் தானே சுமந்து சென்றது. அடுத்த கட்டத்தில் பின்னால் வரும் மோட்டார் வாகனத்தின் வெளிச்சத்தை வாங்கி, அதை அதன் சாரதியின் கண்ணுக்கே திருப்பி அனுப்பித் தன் இருப்பை அறிவித்தது. இம்மாற்றம் கொழும்பில் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை ஆராய மருதானையை விடப் பொருத்தமான இடம் அரிது. 1864இன் இறுதியில் அம்பேபுசை வரை ஓடத் தொடங்கிய முதல் ரயில் பாதையின் தொடக்ககால முடிவிடம் இப்பகுதியிலேயே அமைந்தது. ரயில்வேத் தொழிலாளர் இரவு முறை வேலை முடித்து இவ்வழியே வீடு திரும்பினர். 1911இல் பஞ்சிகாவத்தை வீதியில் திறக்கப்பட்ட டவர் மண்டபமும் 1925இல் திறக்கப்பட்ட எல்பின்ஸ்டன் அரங்கும் நாடகமும் திரைப்படமும் பார்க்க வந்தோரை நள்ளிரவை அண்டிய வேளையில் வீதிக்கு அனுப்பின. கோட்டையையும் பொரளையையும் இணைத்த மின்சார டிராம் வண்டிகள், மாட்டு வண்டிகள், ரிக்‌ஷாக்கள் ஆகியவற்றுக்கிடையே துவிச்சக்கர வண்டியும் அந்நேரத்தில் ஓடியது.

பிரித்தானியாவில் 1888ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் துவிச்சக்கர வண்டியையும் வண்டி என ஏற்றுக்கொண்டு, சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்தின் பின்னரிருந்து சூரியன் உதிக்க ஒரு மணி நேரம் இருக்கும் வரை அது விளக்கேற்றிச் செல்ல வேண்டும் என விதித்தது. குடியேற்ற நாடுகளின் வீதி ஒழுங்கும் பெரும்பாலும் இதே சிந்தனையில் உருவானது. இலங்கையில் மோட்டார் அல்லாத வண்டிகளுக்கென 1916இல் வாகனங்கள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. மாநகர சபை முதலான உள்ளூராட்சி மன்றங்கள் துவிச்சக்கர வண்டிக்கு ஆண்டு வரி அறவிட்டு ஒரு தகட்டையும் வழங்கின. விளக்கில்லாமல் வந்தவரைப் பொலிஸார் சந்தியில் மறிப்பது நெடுங்காலம் நகர வாழ்வின் அன்றாட நிகழ்ச்சியாக இருந்தது.

அந்த விளக்கு முதலில் எண்ணெய் விளக்காக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், கல்சியம் காபைட்டுக் கட்டிகளின் மீது நீரைச் சொட்டவிட்டு, அதனால் எழும் அசற்றலீன் வாயுவை எரிக்கும் காபைட்டு விளக்கு வந்தது. அதன் சுடர் வெண்மையாகவும் கூர்மையாகவும் இருந்தாலும், வண்டியை நிறுத்தியதும் சுண்ணாம்புக் கசடைக் கொட்டிக் கழுவ வேண்டிய தொல்லையும் கூடவே வந்தது. அதன் பின் வந்த டைனமோ என்னும் சிறிய மின்பிறப்பாக்கி, சில்லின் ரயரோடு உரசிச் சுழன்று, ஏறத்தாழ 3 வாட் வலுவை விளக்குக்குத் தந்தது. எண்ணெயும் மின்கலமும் வேண்டாத இக்கருவியின் குறை, வண்டி நின்றவுடன் விளக்கும் அணைந்துவிடுவதாகும். சன நெரிசல் மிக்க மருதானைச் சந்தியில் ஒருவர் வழி கிடைப்பதற்காகக் காலூன்றி நிற்கும் கணம், அவர் மிக எளிதாக மோதப்படக்கூடிய கணமுமாகும். அக்கணத்திலேயே டைனமோ அவரை இருளில் விட்டது. இந்த வெற்றிடத்தை நிரப்பியது, பின் மட்காட்டில் பொருத்தப்பட்ட, எரிபொருள் கேட்காத ஒரு சிவப்புக் கண்ணாடித் துண்டே.

இத்துண்டு சட்டத்துக்குள் நுழைந்த வரலாறு சர்ச்சை நிறைந்தது. 1927ஆம் ஆண்டின் பிரித்தானிய வீதிப் போக்குவரத்து விளக்குச் சட்டம், பின்புறச் சிவப்பு விளக்குக்கு மாற்றாகச் சிவப்பு ஒளித்தெறிப்பி ஒன்றைப் பயன்படுத்தத் துவிச்சக்கர வண்டிக்கு அனுமதி அளித்தது. 1934இல் வெள்ளைப் பரப்பு ஒன்றும் அதனோடு சேர்க்கப்பட்டது. பின் மட்காட்டின் கீழ்ப்பகுதிக்கு வெள்ளை பூசும் வழக்கத்தின் வேர் இதுவாகும். கறுப்பு நிறச் சட்டமும் வெள்ளை வாலுமாக வந்த றலி, ஹம்பர் வண்டிகள் இவ்விதியையும் தம்மோடு கப்பலில் ஏற்றி வந்தன எனலாம்; இந்தியாவில் உற்பத்தியான வண்டிகளும் அதே வெள்ளைப் பட்டையைத் தொடர்ந்து அணிந்தன. பிரித்தானியச் சைக்கிளோட்டிகளின் சங்கம் கட்டாயப் பின்விளக்கை நெடுங்காலம் எதிர்த்தது. முன்னால் செல்பவரைக் கண்டு வேகத்தைக் குறைக்கும் பொறுப்பு பின்னால் வருபவருக்கே உரியது, விளக்கைக் கட்டாயமாக்கினால் அப்பொறுப்பு பலவீனமானவரின் தலையில் ஏற்றப்பட்டுவிடும் என்பது அவர்களின் வாதம். 1945ஆம் ஆண்டின் சட்டம் பின்விளக்கைக் கட்டாயமாக்கியதோடு வழக்கு அவர்களுக்கு எதிராக முடிந்தது. ஆயினும் அவர்கள் எழுப்பிய கேள்வி நியாயமானது. இன்றும் அதற்கு முழுமையான விடை கிடைத்துவிடவில்லை.

ஒளித்தெறிப்பி எவ்வாறு இயங்குகிறது என்பதை அறியாமல் அதன் பலத்தையும் பலவீனத்தையும் எடைபோட இயலாது. வெள்ளைப் பூச்சு தன்மீது விழும் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால் சாரதியின் கண்ணுக்குச் சிறு பங்கே திரும்புகிறது. சமதளக் கண்ணாடி ஒளியைப் படுகோணத்துக்குச் சமமான கோணத்தில் வேறு பக்கம் அனுப்பிவிடுகிறது. ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் கூடும் மூலையோ, எப்பக்கமிருந்து வந்த கதிரையும் மூன்று தெறிப்புகளின் பின் வந்த திசைக்கே திருப்பிவிடுகிறது. துவிச்சக்கர வண்டியின் சிவப்புத் துண்டின் பின்புறம் இத்தகைய நுண்ணிய மூலைகள் நெருக்கமாக வார்க்கப்பட்டிருக்கும். 1969இல் அப்பலோ 11 விண்வெளி வீரர் நிலவில் விட்டுவந்த, பூமியிலிருந்து அனுப்பும் லேசர் கதிரைத் திருப்பும் கருவியிலும் இதே மூலைகளே 100 இருந்தன. மற்றொரு வழி கண்ணாடி மணிகளுடையது: மிகச் சிறிய கோளங்கள் ஒளியைத் தம் பின்புறத்தில் குவித்துத் திருப்பியனுப்புகின்றன, 1930களின் இறுதியில் அமெரிக்காவின் 3எம் நிறுவனம் வீதிப் பலகைகளுக்கென உருவாக்கிய ஸ்கொட்ச்லைட் தாள் இவ்வகையைச் சேர்ந்தது. யோர்க்‌ஷயரைச் சேர்ந்த பெர்சி ஷா 1934இல் காப்புரிமை பெற்ற, வீதியின் நடுவே பதிக்கும் பூனைக்கண்ணும் இக்குடும்பத்தின் உறுப்பே.

பிளாஸ்திக் மூலைகளில் வெள்ளிப்பூச்சு இல்லை. பிளாஸ்திக்கும் அதன் பின்னுள்ள காற்றும் சந்திக்கும் எல்லையில் நிகழும் முழு உட்தெறிப்பே அங்கு கண்ணாடியின் வேலையைச் செய்கிறது. ஆகவே மூடி வெடித்து உள்ளே மழைநீர் புகுந்தால், வெளிப்பார்வைக்குத் துண்டு முழுமையாக இருந்தாலும் அதன் தெறிப்புத் திறன் பெரிதும் அற்றுப்போகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலச் சேறு முகப்பில் படியும்போதும் விளைவு ஏறத்தாழ அதுவே. எரிபொருள் வேண்டாத கருவிக்கும் பராமரிப்பு வேண்டும் என்பதைக் கொழும்பின் காலநிலை நன்றாகவே கற்பித்தது.

இவை அனைத்திலும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு: எதிரே ஒளி இருக்க வேண்டும், பார்ப்பவர் அந்த ஒளிக்கு அருகில் இருக்க வேண்டும். மங்கலான லாந்தரோடு வந்த மாட்டு வண்டிக்காரருக்கு ஒளித்தெறிப்பி அதிகம் பயன்பட்டிராது. அது மோட்டார் வாகனங்களால் நிறைந்த வீதிக்கென்றே பிறந்த கருவி. மோட்டார் விளக்கே மங்கும்போது அதுவும் குருடாகிவிடுகிறது. 1942 ஏப்ரல் 5ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய போர்க்காலத்தில் விளக்குகள் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. பல பத்தாண்டுகளின் பின், உள்நாட்டுப் போர்க்கால நகரத்தின் சோதனைச் சாவடிகளை அணுகும் வாகனங்கள் முன்விளக்கைத் தாழ்த்தி உள்விளக்கை ஏற்ற வேண்டியிருந்தது. அவ்விடங்களில் துவிச்சக்கர வண்டியின் சிவப்புத் துண்டுக்குத் திருப்பியனுப்ப ஒளி கிடைக்கவில்லை.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் நேர்ந்தது இதற்கு மறுதலையானது. 1990இன் பின் குடாநாட்டில் மின்சாரம் நின்று, எரிபொருளும் மின்கலங்களும் தடைப்பட்டபோது, மோட்டார் வாகனங்கள் அருகி, வீதி துவிச்சக்கர வண்டிகளுக்கே உரியதாயிற்று. அங்கே இரவல் வாங்க வெளிச்சமே இல்லை. டைனமோ மீண்டும் தலைமை பெற்றது. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, அந்த மின்னில் வானொலிச் செய்தி கேட்டனர். அங்கிருந்த குடும்பங்களிற் பல பின்னர் கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியேறின. ஒரு சிறு கருவி எத்தனை பொறுப்புகளைத் தாங்கக்கூடும் என்பதை அவர்களை விட நன்கறிந்தோர் இலர்.

1976இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு விதி, விற்பனைக்கு வரும் வண்டிகளில் முன், பின், மிதிகட்டை, சில்லு ஆகிய இடங்களில் ஒளித்தெறிப்பிகளைக் கோரியது. விளக்கை அது கோரவில்லை. பொறியியலாளர் ஜோன் பொரெஸ்டர் இவ்விதிக்கு எதிராக நீதிமன்றம் சென்றார். குறுக்கு வீதியிலிருந்து வெளிவரும் வாகனத்தின் விளக்கு, எதிரே கடந்து செல்லவிருக்கும் வண்டிமீது உரிய நேரத்தில் விழாது; விழும்போது விலகக் காலம் இராது என்பதே இத்தகைய விமர்சனத்தின் மையம். மருதானையின் ஒழுங்கைகளைப் பார்த்தால் இது வலுவான வாதம். பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளுக்கிடையே ஓர் ஒழுங்கையிலிருந்து முச்சக்கர வண்டி வெளிப்படும்போது, அதன் விளக்கு எதிர்ச் சுவருக்கே ஒளியூட்டுகிறது. அமெரிக்க விதிக்கு முன்னரே, 1968ஆம் ஆண்டின் வியன்னா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கை பின்புறச் சிவப்புத் தெறிப்பியோடு நிறுத்தாமல், முன்னும் பின்னும் ஒளி காட்டும் சாதனத்தையும் சேர்த்தே கேட்டது.

2022இல் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு முற்றியபோது, கொழும்பில் துவிச்சக்கர வண்டிகள் மீண்டும் பெருகின, விலையும் ஏறியது. அதே ஆண்டின் மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. மின்சாரத்தைச் சேமிக்க வீதிவிளக்குகளும் அணைக்கப்பட்டன. வண்டி கூடி, வீதிவிளக்கும் மோட்டார் விளக்கும் ஒருசேரக் குறைந்த அம்மாதங்களில், மின்கலத்தில் எரியும் சிறிய சிவப்பு எல்ஈடி விளக்கைக் கரியரின் கீழே கட்டியவர்களே பின்னால் வருபவர்களுக்குத் தெரிந்தனர். மட்காட்டின் பழைய சிவப்புத் துண்டை மட்டும் நம்பியவர்கள் அடுத்த வாகனத்தின் விளக்கு வரும்வரை இருளோடு இருளாகவே சென்றனர்.