கிந்தனாரும் நம்ம கல்லூரி மேடையும்

பல்சுவை நிகழ்ச்சி என்றதும் மிமிக்ரி, மெல்லிசை, கடைசியில் ஒரு சோக நாடகம் என்று நம்ம பிள்ளைகள் பட்டியல் போட்டு விடுகிறார்கள். இந்த மூன்றையும் ஒரே ஆள் சுமந்த கலை நம்மிடம் உண்டு. அதுதான் கதாகாலட்சேபம்.

கையில் சப்ளாக்கட்டை, பின்பாட்டு, மிருதங்கம், ஆர்மோனியம். பாகவதர் கதை சொல்வார், பாடுவார், நடுவே உபகதை விட்டுச் சிரிக்க வைப்பார். சபை இளகிய நேரம் பார்த்து அழவும் வைப்பார். மராட்டிய கீர்த்தன முறையைத் தமிழுக்குத் தகுந்தபடி 19ஆம் நூற்றாண்டில் வளர்த்தவர் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர். கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'நந்தனார் சரித்திரம்' இந்த மேடைகளில் பேர்பெற்ற கதை.

இதே பாணியைக் கையில் எடுத்தார் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறை சென்று, 1947-ல் விடுதலையானவர். 1949-ல் வந்த 'நல்லதம்பி' படத்தில் அவருடைய 'கிந்தனார்' காலட்சேபம் இருக்கிறது. நந்தனுக்குத் தில்லைக்குப் போக ஆசை. கிந்தனுக்குப் பள்ளிக்கூடம் போக ஆசை. ஊர் ஒதுக்கிய அந்தப் பையன் ரயிலேறிச் சென்னை போய்ப் படித்து, பள்ளி இன்ஸ்பெக்டராகத் திரும்புகிறான். கேட்கக் கேட்க வயிறு குலுங்கும். சிரிப்பு அடங்கின பிறகுதான் உறைக்கும்: சாமி கும்பிடவும் தடை, படிக்கவும் தடை என்றால் அது என்ன ஊர்!

மேடை ஏறப்போகும் தம்பி தங்கைகளே, சிரிப்பு வேறு, சோகம் வேறு என்று பிரிக்காதீர்கள். சொல்ல விஷயம் இருந்தால் இரண்டும் தானாகவே கைகோத்து வரும்.