பருவுக்கு வந்த மருந்து: ஒரு களிம்பின் நூறாண்டுக் கதை



நம் பக்கத்தில் 'மருந்து' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மெடிக்கல் ஷாப்பில் வாங்குவதும் மருந்து, வெடிக் குழாயில் செலுத்துவதும் மருந்து. இரண்டாவது மருந்தில் எதை எதோடு சேர்க்கலாம், எதை எதோடு சேர்க்கவே கூடாது என்பது பட்டாசு ஆலையில் நான்கு நாள் வேலை பார்த்தவருக்குக்கூடத் தெரியும். ஆனால் முதல் மருந்து விஷயத்தில் நாம் அந்தக் கவனத்தைக் காட்டுவதில்லை. "பருவுக்கு ஒரு க்ரீம் குடுங்க" என்று கேட்டு, கொடுத்ததை வாங்கி வந்து பிள்ளைகள் முகத்தில் தடவ விட்டுவிடுகிறோம்.

அந்த க்ரீம் எங்கிருந்து வந்தது என்று இந்த இதழின் வரலாற்றுப் பக்கத்தில் பார்ப்போம். வீட்டில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, கல்லூரி படிக்கும் பிள்ளைகள் இருந்தால் கடைசி வரை படியுங்கள். உங்களுக்கு வேலை அங்கேதான் இருக்கிறது.

கந்தகம் முதல் எக்ஸ்ரே வரை

பருவுக்கு மிகப் பழைய மருந்துகளில் ஒன்று நமக்கு நன்றாகத் தெரிந்த பொருள்தான்: கந்தகம். கந்தகம் கலந்த களிம்பும் லோஷனும் பல தலைமுறைகளாக உலகெங்கும் பயன்பட்டன. அவை பருவைக் காய வைக்கும், மேல்தோலை லேசாக உரிக்கும். ஆனால் ஒரு பரு காய்ந்தால் பக்கத்தில் இன்னொன்று வரும்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் மேலை நாடுகளில் பருவுக்கு எக்ஸ்ரே சிகிச்சை கொடுத்தார்கள் என்றால் நம்ப மாட்டீர்கள். இளம் வயதுப் பிள்ளைகளின் முகத்தில் கதிரைப் பாய்ச்சினார்கள். எண்ணெய்ச் சுரப்பி சுருங்கியது, பருவும் குறைந்தது. பல ஆண்டு கழித்து அப்படிச் சிகிச்சை பெற்றவர்களிடம் தைராய்டு புற்றுநோய் கூடுதலாக வருவது தெரிந்த பிறகு அந்த முறை கைவிடப்பட்டது.

இந்த வைத்தியங்கள் எல்லாம் வெளியே தெரியும் பருவைத்தான் குறி வைத்தன. ஆனால் பரு அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. முடி வளரும் துளையின் வாயில் உதிர வேண்டிய தோல் செல்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டி ஓர் அடைப்பாகின்றன. உள்ளே எண்ணெய் தேங்குகிறது, கிருமி பெருகுகிறது, பிறகு சிவந்து வீங்குகிறது. எனவே அடைப்பே உருவாகாமல் செய்யும் மருந்துதான் தேவைப்பட்டது. அதற்கான தடயம் கிடைத்த இடங்களில் ஒன்று நம் பக்கம்தான்.

தேரைத் தோலும் குன்னூர் ஆய்வுக்கூடமும்

1933-ல், கொழும்பில் பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ் என்ற மருத்துவர் 'இந்தியன் மெடிக்கல் கெஜட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். சத்துக் குறைவான உணவு உண்டவர்களின் முழங்கை, முழங்கால், தொடைப் பகுதிகளில் முடித்துளைகள் அடைத்து, முள் முள்ளாகத் தடித்த தோலை அவர் விவரித்தார். அதற்குத் தேரையின் தோல் என்று பொருள் தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து 'ஃப்ரைனோடெர்மா' என்று பெயர் வைத்தார். வைட்டமின் ஏ குறைவே காரணம் என்று அப்போது கருதப்பட்டது. அதே காலத்தில் சீனாவிலிருந்தும் உகாண்டாவிலிருந்தும் இதே போன்ற செய்திகள் வந்தன.

நீலகிரியில் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்துக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. ராபர்ட் மெக்காரிசன் தொடங்கி வைத்த பணியை 1935-க்குப் பின் டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு தலைமை ஏற்று நடத்தினார். அவர்கள் தென்னிந்தியப் பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதித்தபோது, கண்ணில் வைட்டமின் ஏ குறைவைக் காட்டும் வெண்புள்ளியையும் தோலில் இந்தச் சொரசொரப்பையும் கண்டார்கள். பின்னாளில் அந்த ஆய்வுக்கூடம் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. தேரைத் தோலுக்கு வைட்டமின் ஏ மட்டும் காரணமல்ல, பி வைட்டமின்களுக்கும் கொழுப்பு அமிலங்களுக்கும் பங்கு உண்டு என்று அடுத்த ஆய்வுகள் காட்டின. ஆனால் வைட்டமின் ஏ-க்கும் முடித்துளை அடைப்புக்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணம் மருத்துவர்கள் மனத்தில் நிலைத்துவிட்டது.

பருவும் முடித்துளை அடைப்பில் தொடங்குவதுதானே? 1940-களில் அமெரிக்காவில் பருவுக்கு வைட்டமின் ஏ-யை மாத்திரையாகப் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் தெரியும் அளவுக்குக் கொடுத்தால் உடம்பு தாங்கவில்லை. வைட்டமின் ஏ கல்லீரலில் சேர்ந்து கொண்டே போகும் பொருள், மிஞ்சினால் நஞ்சு. (முருங்கைக்கீரை, கேரட், பப்பாளியில் அந்தப் பயம் இல்லை. அவற்றில் இருப்பதை உடம்பு தனக்கு வேண்டிய அளவுக்குத்தான் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும்.)

உள்ளே கொடுக்க முடியாததை வெளியே தடவினால் என்ன? 1946-ல் நெதர்லாந்து வேதியியலாளர்கள் வைட்டமின் ஏ அமிலத்தை ஆய்வகத்தில் உருவாக்கியிருந்தார்கள். 1962-ல் ஜெர்மனியின் குந்தர் ஸ்டூட்கன் அதைத் தடித்த தோல் நோய்களுக்குத் தடவிப் பார்த்தார். தடிப்பு குறைந்தது, ஆனால் தோல் சிவந்து எரிந்தது.

சிறைச்சுவருக்குள் நடந்தது

அந்த எரிச்சலைத் தாண்டிப் பருவுக்கு இதை மருந்தாக்கியவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன். 1969-ல் ஜேம்ஸ் ஃபுல்டன், கெர்ட் ப்ளேவிக் ஆகியோருடன் அவர் வெளியிட்ட கட்டுரை பரு சிகிச்சையில் ஒரு திருப்பம். தொடர்ந்து பல வாரங்கள் தடவினால் அடைப்பு இளகி வெளியேறுகிறது, புதிய அடைப்பு உருவாவது குறைகிறது என்று அது காட்டியது. 1971-ல் அமெரிக்க அரசு ஒப்புதல் தந்தது. அந்த மருந்தின் பெயர் ட்ரெட்டினாயின். இந்த வகை மருந்துகளுக்குப் பொதுப்பெயர் ரெட்டினாய்டு.

இந்த வெற்றிக்கு இன்னொரு பக்கம் உண்டு. 1951 முதல் 1974 வரை கிளிக்மன் ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் உடம்பில் ஏராளமான சோதனைகளை நடத்தினார். அழகுப் பொருட்கள் முதல் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு வரை அவர்கள் தோலில் தடவிப் பார்க்கப்பட்டன. ட்ரெட்டினாயின் சோதனைகளும் அங்கே நடந்தன. கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பின ஏழைகள். சிறையில் வேறு வருமானம் இல்லாதவர்களுக்குச் சில டாலர்கள் கொடுத்தார்கள். என்ன தடவுகிறார்கள், என்ன ஆகும் என்பதைச் சரியாகச் சொல்லவில்லை. 1998-ல் ஆலன் ஹார்ன்ப்ளம் எழுதிய நூல் இதை உலகுக்குச் சொன்னது. கைதிகள் வழக்குப் போட்டார்கள், காலம் கடந்துவிட்டது என்று தள்ளுபடியானது. பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி 2021-லும், ஃபிலடெல்ஃபியா நகர நிர்வாகம் 2022-லும்தான் மன்னிப்புக் கேட்டன. அதற்குள் அந்தக் கைதிகளில் பலர் இறந்துவிட்டார்கள்.

கூலிக்காக ஆபத்தான வேலை செய்வதும், அந்த ஆபத்து முழுதாகச் சொல்லப்படாமல் இருப்பதும் எப்படிப்பட்டது என்று இந்த மாவட்டத்தில் வாழும் நமக்கு விளக்கத் தேவையில்லை.

அதே கையிலிருந்து இன்னொரு கலவை

ட்ரெட்டினாயினோடு கதை நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு இவ்வளவு அவசரம் இருந்திருக்காது. 1975-ல் கிளிக்மனும் வில்லிஸ் என்பவரும் தோலின் கருமையைக் குறைக்க ஒரு கலவையை வெளியிட்டார்கள். ஹைட்ரோகுவினோன் 5%, ட்ரெட்டினாயின் 0.1%, டெக்சாமெத்தசோன் 0.1%. மூன்றாவதாக வருவது ஸ்டீராய்டு. மற்ற இரண்டின் எரிச்சலை அடக்கத்தான் அதைச் சேர்த்தார்கள். மங்கு போன்ற கருமைக்கு, மருத்துவர் கண்காணிப்பில், குறைந்த காலத்துக்குப் பயன்பட வேண்டிய கலவை இது.

இதே முறையில், ஸ்டீராய்டை மாற்றிய மூன்று மருந்துக் க்ரீம்கள் இந்தியச் சந்தைக்கு வந்தன. மங்குக்கு வந்தது பருவுக்கும், பிறகு 'கலர் வர'வும் என்று பரவியது. காரணம் எளிது. ட்ரெட்டினாயின் மட்டும் தடவினால் முதல் சில வாரம் தோல் உரியும், சிவக்கும், சிலருக்குப் பரு கூடுவது போலவும் தெரியும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். ஸ்டீராய்டு கலந்ததோ மூன்றே நாளில் சிவப்பை அடக்கிவிடும், முகமும் வெளுத்துத் தெரியும். கல்யாண வீட்டுக்குப் போக வேண்டிய பிள்ளைக்கு எது பிடிக்கும், சொல்லுங்கள்.

சில மாதம் போனதும் நிலைமை மாறும். தோல் மெலிந்து சிவப்பு நரம்புகள் தெரியும், வெயிலில் நின்றால் எரியும், பெண்பிள்ளைகள் முகத்தில் பூனைமுடி கூடும், புதிதாகப் பருவும் வரும். க்ரீமை நிறுத்தினால் எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பும். பயந்துபோய் மறுபடி அதையே தடவுவார்கள்.

இது வெறும் எச்சரிக்கைப் பேச்சு அல்ல. 2011-ல் இந்தியத் தோல் மருத்துவர்கள் 12 மருத்துவ மையங்களில் நடத்திய ஆய்வு வெளியானது. முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்துக்கு ஸ்டீராய்டு க்ரீம் பயன்படுத்தியிருந்தார்கள். அவர்களில் 29% பேர் அதைச் சிவப்பழகு க்ரீம் போலவோ, சாதாரண முக க்ரீம் போலவோ, ஷேவிங்குக்குப் பிறகோ தடவியவர்கள். 24% பேர் பருவுக்காகத் தடவியவர்கள். 59% பேருக்கு அதைச் சொன்னவர் மருத்துவரே அல்ல. 90%-க்கு மேல் பக்கவிளைவு இருந்தது. மிக அதிகமாகக் காணப்பட்ட பக்கவிளைவு பரு வருவதும் இருந்த பரு கூடுவதும்தான்.

இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் தொடர்ந்து குரல் கொடுத்த பிறகு, 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மருந்துகளின் பெயரைச் சொல்லி, அவை கலந்த களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. சட்டம் வந்துவிட்டது. கடை கவுன்டரில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் ட்யூப்

உலகத்துக்கே அட்டைப்பெட்டியும் லேபிளும் அச்சிட்ட மாவட்டம் நம்முடையது. பொடி எழுத்தைப் படிக்க நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்று இரவு அந்த ட்யூபை எடுத்து, பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள்.

ட்ரெட்டினாயின் அல்லது அடாபலின் என்று மட்டும் இருந்தால் அது ரெட்டினாய்டு. அடாபலின் 1996-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற, எரிச்சல் குறைந்த தம்பி மருந்து. சில ட்யூபுகளில் இவற்றோடு கிருமியைக் கட்டுப்படுத்தும் மருந்தும் இருக்கும்.

பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், டெக்சாமெத்தசோன், குளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. பருவுக்கான க்ரீம் அது அல்ல. பல மாதமாகத் தடவி வந்திருந்தால் பயந்து ஒரே நாளில் தூக்கி எறியவும் வேண்டாம். ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று அவர் சொல்வார். 2022-ல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. தோல் நோய்க்கு மதுரை பெரியாஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்ற நிலை இப்போது இல்லை.

மருத்துவர் ரெட்டினாய்டு எழுதிக் கொடுத்திருந்தால் பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லுங்கள். இரவில் மட்டும், முகத்தைக் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு தடவ வேண்டும். முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும், கூடுதலாகத் தடவினால் பலன் கூடாது, எரிச்சல்தான் கூடும். பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பது போல வைக்கக் கூடாது, ஏனென்றால் அடைப்பு கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் இருக்கிறது. ட்ரெட்டினாயின் வெளிச்சத்தில் சிதையும். அதைத் தடவும் முகம் நம் ஊர் வெயிலை முன்பு போலத் தாங்காது, பகலில் சன்ஸ்கிரீனும் குடையும் வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். பெரிய பருக்களுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கருவில் இருக்கும் குழந்தைக்குக் கடுமையான ஊனத்தை உண்டாக்கும் என்பது 1980-களிலேயே உறுதியான விஷயம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். "ஒரு வாரமாத் தடவுறேன், ஒண்ணும் ஆகலை" என்று பிள்ளை சலித்துக்கொள்ளும் அந்த நாளில்தான் யாராவது தோழியோ கடைக்காரரோ 'வேகமாக் கேட்கும்' இன்னொரு ட்யூபைக் கையில் கொடுப்பார்கள். அன்று நீங்கள் பக்கத்தில் இருந்து, பின்பக்கத்தைத் திருப்பிப் படித்துக் காட்டினால் போதும்.