கண்டிச்சீமைக்கு வந்த பருவ வெள்ளம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே, தமிழகத்துச் சிற்றூர்களில் 'கண்டிச்சீமை' என்ற சொல் வறுமைக்கு ஒரு மாற்று வழியாக ஒலித்தது. திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து ஏழை மக்கள் கங்காணிமாரின் பின்னே கூட்டங்கூட்டமாகப் புறப்பட்டனர். கண்டியைச் சூழ்ந்த மலைகளில் அக்காலத்தில் ஆங்கிலேயர் கோப்பி பயிரிட்டிருந்தனர். கோப்பிப் பழம் பறிப்பதற்கு ஆண்டின் இறுதி மாதங்களிலேதான் மிகுதியான ஆட்கள் வேண்டும். ஆகவே பருவந்தோறும் பல்லாயிரவர் வந்தனர். பறிப்பு முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர்.

படகிலே மன்னார்க் கரையை அடைந்தோர், அங்கிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் நடக்க வேண்டியிருந்தது. அடர்ந்த காடு, அரிதான குடிநீர். வாந்திபேதியும் முறைக்காய்ச்சலும் வழியெங்கும் உயிர் குடித்தன. தப்பி மலையேறியோரைப் பழக்கமில்லாத குளிரும் சீதபேதியும் எதிர்கொண்டன. 1841 முதல் எட்டாண்டுகளில் 70,000 பேர் மாண்டிருக்கக்கூடும் என்று 1849-இல் 'கொழும்பு ஒப்சர்வர்' இதழ் கணக்கிட்டது. அத்தொகையை வரலாற்றாசிரியர் எல்லாரும் ஏற்பதில்லை. ஆயினும் இழப்புப் பெரிது என்பதை மறுப்பார் அரியர்.

இவர்களுக்கு மருந்தளிப்பது யார் கடமை? வழியில் வீழ்ந்தவர் எந்தத் தோட்டத்துக்கும் உரியவரல்லர். எந்த ஊருக்கும் குடியுமல்லர். தோட்டத்தை அடைந்தவரோ சில திங்களில் போய்விடுபவர். துரைமார் அரசை நோக்கினர். அரசு துரைமாரை நோக்கியது. இடையிலே நோயாளி கிடந்தான்.

1867-இல் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டி வந்தது. 1872-இல் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது. தோட்டப் பகுதிகள் வைத்திய மாவட்டங்களாக வகுக்கப்பட்டன. தோட்டங்களிடமிருந்து வரி பெற்று வைத்தியருக்கும் ஆஸ்பத்திரிக்கும் வழி செய்யப்பட்டது. சட்டம் குறையுடையதே, பின்னர்ப் பன்முறை திருத்தப்பட்டது. எனினும், வந்து போகும் தொழிலாளியின் நோய்க்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்ற கொள்கை அதிலே நிலைபெற்றது. 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆட்கள் வேண்டும். பருவத்துக்கு வந்தோர் மலையகத்தின் நிலையான குடிகளாயினர்.

ஆயினும் கண்டிக்குப் பருவ வெள்ளம் ஓயவில்லை. ஆண்டுதோறும் எசலப் பெரஹராவின்போது மக்கள் திரள்கின்றனர். 2025 ஏப்ரல் 18 முதல் 27 வரை, பதினாறு ஆண்டுகளின் பின் புனித தந்தத்தைத் தரிசிக்க இலட்சக்கணக்கானோர் குவிந்தனர். நீண்ட வரிசைகளில் காத்திருந்து தளர்ந்த நூற்றுக்கணக்கானோர் வைத்தியசாலை சேர்ந்தனர். இனிக் கண்டிக்கு வரவேண்டாம் என்று பொலிசார் வேண்ட நேர்ந்தது.

கோப்பிக் காலத்துக் கூட்டத்தைப் பசி அழைத்தது. இக்கூட்டத்தைப் பக்தி அழைத்தது. இரண்டையும் ஒப்பிடல் ஆகாது. ஆனால் கேள்வி ஒன்றே. ஒரு நகரின் வைத்தியசாலைக் கட்டில்கள் அங்குக் குடியிருப்போரின் தொகையைக் கொண்டு அமைகின்றன. நோயோ வந்து போவோரையும் சேர்த்தே எண்ணுகின்றது. அக்கணக்கை முன்கூட்டியே போடாத காலத்தில் அதன் விலையை வழிநடையாக வந்த ஏழைகளே கொடுத்தனர் என்பது கண்டிச் சாலை கூறும் வரலாறு.