ஒரு பேருந்து கேட்ட பெற்றோர்

போன வருடம் ஒரு காலனியில் மனு ஒன்றுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். அந்தப் பிள்ளைகள் நான்குவழிச் சாலையைக் குறுக்கே கடந்துதான் பள்ளிக்குப் போக வேண்டும். பள்ளி நேரத்தில் அரசுப் பேருந்து காலனி முகப்பில் நின்று போக வேண்டும் என்பது மட்டுமே மனுவில் இருந்தது. பேனாவைக் கையில் வாங்கிய ஓர் அக்கா எழுதாமல் நிறுத்திக் கேட்டார்: "இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்கு எங்களை நடவுக்குக் கூப்பிடுவாங்களா தம்பி?"

எங்களில் யாருக்கும் உடனே பதில் வரவில்லை. அன்று இரவு திரும்பி வரும்போது, எங்கோ இருக்கும் வேறு சில பெற்றோரைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தோம். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துக் கறுப்பினப் பெற்றோர் அவர்கள். அவர்களும் முதலில் ஒரு பேருந்துதான் கேட்டார்கள். அவர்களுடைய நிலமும் கடனும் வேலையும் அடுத்தவர் பிடியில்தான் இருந்தன. அவர்கள் போட்ட கையெழுத்து ஒரு மாநிலச் சட்டமன்றத்தையே பதறவைத்தது. அந்தச் சட்டமன்றம் பதிலுக்கு என்ன செய்தது என்பதை நம் மாணவர்களும் இளம் தோழர்களும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளியைத் தந்தவர்களே வெளியேற்றப்பட்டார்கள்

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். அடிமைமுறை ஒழிந்த பிறகு, 1868இல் தென் கரோலினாவுக்குப் புதிய அரசமைப்பு எழுதப்பட்டது. அதை எழுதிய பேரவையில் கறுப்பின உறுப்பினர்களே பெரும்பான்மை. அடிமையாகப் பிறந்து, உள்நாட்டுப் போரில் எதிரிகளின் கப்பலையே ஓட்டிக்கொண்டு தப்பிய ராபர்ட் ஸ்மால்ஸ் அந்தப் பேரவையில் இருந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி வேண்டும் என்று அவர் வாதாடினார். நிறம் பார்க்காமல் எல்லோருக்கும் திறந்த பொதுப்பள்ளி என்பது அந்த அரசமைப்பில் எழுதப்பட்டது.

இது நீடிக்கவில்லை. 1877க்குப் பிறகு வெள்ளையர் ஆதிக்கம் திரும்பியது. 1895இல் எழுதப்பட்ட இன்னொரு அரசமைப்பு, எழுத்தறிவையும் சொத்தையும் காரணம் காட்டிக் கறுப்பின மக்களின் வாக்கைப் பறித்தது. வெள்ளைப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் ஒரே பள்ளியில் படிக்கக் கூடாது என்றும் அதிலேயே எழுதிவைத்தார்கள். 1902க்குப் பிறகு சட்டமன்றத்தில் ஒரு கறுப்பின உறுப்பினர்கூட இல்லை. அடுத்து மூன்று பேர் வெற்றிபெற்றது 1970இல்தான். இடைப்பட்ட ஏறத்தாழ 70 ஆண்டுகளும், இந்தப் பிள்ளைகளைப் பற்றிய ஒவ்வொரு சட்டமும் அவர்களுடைய பெற்றோரில் ஒருவர்கூட இல்லாத அவையில் எழுதப்பட்டது.

முப்பது பேருந்தும் பூஜ்ஜியமும்

அந்த மாநிலத்தில் கிளாரண்டன் என்றொரு கவுண்டி. நம்மூர்க் கணக்கில் சிறிய மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். பருத்தி விளையும் பூமி. மக்கள்தொகையில் கறுப்பினத்தவரே அதிகம், நிலத்தில் பெரும்பகுதி வெள்ளையர் கையில். 1949–50 கல்வியாண்டில் அங்கே ஒரு வெள்ளைப் பிள்ளைக்குச் செலவிடப்பட்டது 179 டாலர், கறுப்புப் பிள்ளைக்கு 43 டாலர். வெள்ளைப் பிள்ளைகளுக்கு 30 பள்ளிப் பேருந்துகள் ஓடின. கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை.

லீவை பியர்சன் என்ற விவசாயியின் பிள்ளைகள் ஏறத்தாழ 9 மைல் நடந்து ஸ்காட்ஸ் பிராஞ்ச் பள்ளிக்குப் போனார்கள். அணை கட்டியதால் உருவான ஏரியில் தண்ணீர் ஏறி பாதை மூழ்கினால், சில பிள்ளைகள் படகில் துடுப்புப் போட்டுப் பள்ளி போய்ச் சேர வேண்டியிருந்தது. பெற்றோர் தாங்களே காசு சேர்த்து ஒரு பழைய பேருந்தை வாங்கினார்கள். அது அடிக்கடி நின்றுபோனது. எரிபொருளுக்காவது உதவுங்கள் என்று கல்வி வாரியத்திடம் கேட்டார்கள். கறுப்பின மக்கள் கட்டும் வரி குறைவு, வெள்ளையர் வரிப்பணத்தில் அவர்களுக்குச் செலவு செய்வது நியாயமில்லை என்று பதில் வந்தது. இந்த வாதம் நமக்குப் புதிதில்லை. இடஒதுக்கீடு பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் வேறு சொற்களில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஜோசப் டிலெய்ன் அங்கே போதகர், பள்ளி ஆசிரியரும்கூட. அவர் தூண்டுதலில் பியர்சன் 1947 ஜூலையில் மனுவில் கையெழுத்திட்டார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அனுப்பிய மனுவின் படி கேட்டிருந்தார். மனு என்ற கருவியை அண்ணல் எவ்வளவு கவனமாகப் பார்த்தார் என்பதற்கு அந்தக் கடிதம் சாட்சி.

கையெழுத்தின் விலை

1948 மார்ச்சில் பியர்சன் பெயரில் வழக்குப் போடப்பட்டது. ஜூன் மாதத்திலேயே அது தள்ளுபடி. அவருடைய நிலம் இரண்டு பள்ளி எல்லைகளுக்கு நடுவே கிடக்கிறது, வரி கட்டும் எல்லை வேறு, பிள்ளைகள் படிக்கும் எல்லை வேறு என்று காரணம் சொன்னார்கள். வழக்குப் போனது மட்டுமில்லை, கடனும் போனது. விதைக்கும் உரத்துக்கும் யாரும் கடன் தரவில்லை. அறுவடை இயந்திரத்தை வாடகைக்குத் தர ஆளில்லை.

ஒற்றை ஆளை வீழ்த்துவது எளிது என்பதை இயக்கம் புரிந்துகொண்டது. என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பின உரிமை அமைப்பின் வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் 1949இல் நிபந்தனை வைத்தார்: 20 பேராவது வாதிகளாக நிற்க வேண்டும், பேருந்து மட்டும் போதாது, எல்லாவற்றிலும் சமத்துவம் கேட்க வேண்டும். நவம்பருக்குள் பெற்றோரும் பிள்ளைகளுமாக 107 கையெழுத்துகள் திரண்டன.

பட்டியலில் முதலில் நின்ற பெயர் ஹாரி பிரிக்ஸ். கடற்படையில் பணியாற்றித் திரும்பியவர், பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். விடுதியில் வேலை செய்த அவருடைய மனைவி எலைசாவுக்கும் வேலை போனது. டிலெய்ன், அவர் மனைவி இருவரின் ஆசிரியர் வேலைகளும் பறிபோயின. 1951இல் டிலெய்னின் வீடு எரிந்தபோது, ஊர் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று சொல்லித் தீயணைப்பு வண்டிக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நம் ஊர்களில் இதற்குப் பெயர் சமூகப் புறக்கணிப்பு, ஊர்க்கட்டு. ஊர் வேறு, முறை ஒன்றுதான்.

சட்டமன்றம் கொடுத்த பேருந்து

இனிமேல் வரும் பகுதியைத்தான் நம் தோழர்கள் கூர்ந்து படிக்க வேண்டும்.

1950இல் பிரிக்ஸ் வழக்கு நீதிமன்றம் ஏறியது. நீதிபதி வேட்டிஸ் வேரிங், சமவசதி மட்டும் கேட்காதீர்கள், பிரித்துவைப்பதையே எதிர்த்துக் கேளுங்கள் என்று மார்ஷலைத் தூண்டினார். பெற்றோர் மறுபடியும் கையெழுத்திட வேண்டியிருந்தது. இந்த முறை கேட்டது பேருந்தையோ கட்டடத்தையோ இல்லை. பிரிவினையே ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். வழக்கு புதிதாகத் தாக்கலானது.

1951 ஜனவரியில் ஜேம்ஸ் பைர்ன்ஸ் ஆளுநராகப் பொறுப்பேற்றார். அமெரிக்க மாநிலத்தில் ஆளுநர் என்றால் நம் முதலமைச்சரைப் போல ஆட்சி நடத்துபவர். பைர்ன்ஸ் முன்பு உச்ச நீதிமன்ற நீதிபதி, வெளியுறவு அமைச்சர். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவருக்குத் தெரியும். அவர் கேட்டபடி சட்டமன்றம் சில மாதங்களிலேயே மாநிலத்தின் முதல் பொது விற்பனை வரியை நிறைவேற்றியது. வரி 3 சதவீதம். கூடவே பள்ளிக் கட்டடங்களுக்கு 7.5 கோடி டாலர் கடன் பத்திரங்கள். பள்ளிப் பேருந்துகளை மாநில அரசே ஏற்று நடத்தும் என்றும் முடிவானது. அரை நூற்றாண்டாகக் காசில்லை என்று சொன்ன அரசு, கறுப்புப் பிள்ளைகளுக்குச் செங்கல் கட்டடங்களை எழுப்பத் தொடங்கியது.

பியர்சன் கேட்ட பேருந்து வந்தேவிட்டது. ஆனால் எதற்காக வந்தது? 1951 மே மாதம் விசாரணை தொடங்கியதும் அரசு வழக்கறிஞர் எழுந்து, வசதிகள் சமமாக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம் என்றார். புதிய சட்டத்தைக் காட்டி, சமமாக்கிக்கொண்டிருக்கிறோம், அவகாசம் கொடுங்கள் என்றார். கல்வி முன்னேற்றத்துக்காகப் போட்டதாகச் சொல்லப்பட்ட சட்டம், நீதிமன்றத்தில் பிரிவினையைக் காக்கும் கேடயமாக நின்றது. மூன்று நீதிபதிகளில் இருவர் அதை ஏற்றார்கள். பிரிவினையே சமத்துவமின்மைதான் என்று வேரிங் மட்டும் மாறுபட்டு எழுதினார்.

அதே விசாரணையில் உளவியலாளர் கென்னத் கிளார்க் சாட்சி சொன்னார். ஸ்காட்ஸ் பிராஞ்ச் பள்ளியின் 16 பிள்ளைகளிடம் அவர் வெள்ளை, பழுப்பு நிறப் பொம்மைகளைக் காட்டியிருந்தார். 10 பேருக்கு வெள்ளைப் பொம்மைதான் பிடித்தது. 11 பேர் பழுப்புப் பொம்மையைக் கெட்டது என்றார்கள். தன் நிறத்துப் பொம்மையைக் கெட்டது என்று சொல்லும் பிள்ளைக்குப் புதுக் கட்டடம் மட்டும் என்ன செய்துவிடும்? பிள்ளைகளின் பாதுகாப்பு என்பதில் இதுவும் சேர்ந்ததுதான் என்று அந்தப் பெற்றோர் நீதிமன்றத்தில் நிறுவினார்கள்.

தீர்ப்பு வந்த பிறகு

பிரிக்ஸ் வழக்கு மேல்முறையீட்டில் இன்னும் நான்கு வழக்குகளோடு சேர்க்கப்பட்டது. 1954 மே 17 அன்று பிரவுன் வழக்கு என்று அறியப்படும் தீர்ப்பில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் பிரிவினை செல்லாது என்றது.

சட்டமன்றம் இதற்கு முன்பே தயாராகிவிட்டது. பொதுப்பள்ளி நடத்துவது அரசின் கடமை என்ற பிரிவை அரசமைப்பிலிருந்தே நீக்கலாமா என்று 1952இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் நீக்கலாம் என்றார்கள். சேர்ந்து படிப்பதைவிடப் பள்ளியே இல்லாமல் போகட்டும் என்பதுதான் அதன் பொருள். 1955இல் கட்டாயக் கல்விச் சட்டம் ரத்தானது. நீதிமன்ற ஆணைப்படி கறுப்புப் பிள்ளையைச் சேர்க்கும் பள்ளிக்கு நிதி நிறுத்தப்படும் என்றும் சட்டம் வந்தது. அந்தக் கோடையில் பல ஊர்களில் பெற்றோர் மனுக் கொடுத்தபோது, கையெழுத்திட்டவர்களின் பெயர்கள் செய்தித்தாள்களில் அச்சாயின. பலர் வேலையை இழந்தார்கள். சிலர் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

1956இல் என்.ஏ.ஏ.சி.பி. உறுப்பினர் யாரும் அரசு வேலையில் இருக்கக் கூடாது என்று சட்டமன்றம் சட்டம் போட்டது. எலோரி என்ற ஊரின் பள்ளியில் இருபதுக்கும் மேற்பட்ட கறுப்பின ஆசிரியர்கள் அந்த விசாரணைக்குப் பணியாமல் வேலையை இழந்தார்கள். ஏறத்தாழ 40 ஆண்டு ஆசிரியராக இருந்த செப்டிமா கிளார்க், உறுப்பினர் என்பதை மறைக்க மறுத்து வேலையிழந்தார். ஐந்தே ஆண்டுக்கு முன் பள்ளி கட்டப் பணம் ஒதுக்கிய அதே சட்டமன்றம்தான் இதையும் செய்தது.

டிலெய்ன் 1955இல் மாநிலத்தைவிட்டே தப்பிப் போனார், கடைசிவரை அங்கே திரும்பி வாழ முடியவில்லை. பிரிக்ஸ் குடும்பமும் பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனது. வழக்குத் தொடங்கிய சம்மர்ட்டன் ஊரின் பள்ளியில் 1965இல் முதல் கறுப்புப் பிள்ளைகள் நுழைந்ததும், வெள்ளையர் தங்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றினார்கள். 2004இல் பியர்சன், டிலெய்ன், பிரிக்ஸ் தம்பதியர் ஆகிய நால்வருக்கும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. நால்வரும் அப்போது உயிரோடு இல்லை.

நாம் மசோதாவைப் படிப்பது எப்படி?

இந்த வரலாற்றிலிருந்து சில கேள்விகளை நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கல்வி என்றோ குழந்தைப் பாதுகாப்பு என்றோ பெயர் வைத்து எந்த மசோதா வந்தாலும் அவற்றைக் கேட்டுப் பார்க்கிறோம். இதைக் கேட்ட பெற்றோர் யார்? எழுதும்போது அவர்களிடம் யாராவது பேசினார்களா? கையில் கொடுக்கும் பொருளுக்குப் பின்னால் எந்த உரிமை நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது? கேட்டவர்களைப் பழிவாங்கினால் யார் தடுப்பது?

பேருந்தை வாங்கிக்கொள்ளக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. தென் கரோலினாவில் இன்றும் பள்ளிப் பேருந்துகள் மாநில அரசுக்குச் சொந்தமானவை. லட்சக்கணக்கான பிள்ளைகள் அதில் போய்ப் படித்தார்கள். வாங்கிக்கொண்டே அடுத்ததைக் கேட்க வேண்டும். அந்தப் பெற்றோர் அப்படித்தான் செய்தார்கள்.

நம் கையில் அவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், பின்தங்கிய பிரிவினருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கேற்ற இடம் வேண்டும். நாங்கள் போன சில பள்ளிகளில் நம் பெற்றோர் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வருகிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படித்துக் காட்டுவதில்லை. தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளியில் அடுத்த கூட்டம் எப்போது என்று கேளுங்கள். உங்கள் அம்மாவோடு நீங்களும் போய் அந்தப் புத்தகத்தைப் படித்துக் காட்டுங்கள்.

ஒரு வாரம் கழித்து அந்தக் காலனிக்கு மறுபடியும் போனோம். வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது என்று அக்காவிடம் நேராகவே சொன்னோம். பியர்சன் கதையையும் 107 கையெழுத்துக் கதையையும் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எல்லா வீட்டுலயும் போடட்டும், நானும் போடறேன். ஆனா முதல் பேரா என் பேரு வேணாம்" என்றார். தாளின் நடுவே கோரிக்கையை எழுதி, சுற்றி வட்டமாகக் கையெழுத்து வாங்கினோம். யார் முதலில் போட்டது என்று எவராலும் சொல்ல முடியாது.

இப்போது காலையில் ஒரு பேருந்து நிற்கிறது. மாலையில் இன்னும் நிற்பதில்லை. அடுத்த மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.

ஜெய்பீம்.