மாடும் செல்வமும்: அகராதி பார்க்கக் கற்ற கதை

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது நடந்தது இது. அன்று திருக்குறளில் கல்வி அதிகாரம் நடந்தது. அதன் கடைசிக் குறள், 400-வது குறள், என் முறைக்கு வந்தது. அதில் 'மாடு' என்று ஒரு சொல் வரும். "கல்வி இருந்தால் போதும் ஐயா, மாடு வேண்டாம்" என்று பொருள் சொன்னேன். வகுப்பே சிரித்தது. எங்கள் தமிழாசிரியர் அடிக்கவில்லை. "நூலகத்துக்குப் போய் அகராதியில் மாடு என்ற சொல்லைப் பார்த்து எழுதிக்கொண்டு வா" என்று அனுப்பினார்.

போனேன். கால்நடை என்ற பொருள்தான் கண்ணில் பட்டது. நான் சொன்னது சரிதான் என்ற மிதப்பில் அதை எழுதிக்கொண்டு ஓடி வந்தேன். அவர் பார்த்துவிட்டு, "முழுசாப் படிச்சியாடா? கடைசி வரைக்கும் படிச்சிட்டு வா" என்று திருப்பி அனுப்பினார். இரண்டாம் தடவைதான் மாட்டுக்குச் செல்வம், பொன், பக்கம் என்ற பொருள்களும் உண்டு என்று தெரிந்தது. கல்வியே அழியாத செல்வம், மற்றவை செல்வமே அல்ல என்பதுதான் குறளின் கருத்து. பாதி பார்த்தால் பார்க்காததற்குச் சமம் என்ற பாடத்தை அன்று கற்றேன்.

அகராதி பார்ப்பது என்ற பழக்கமே நம் மொழியில் சில நூற்றாண்டுகளாகத்தான் இருக்கிறது. அதற்கு முன் இருந்தவை நிகண்டுகள். திவாகரம், பிங்கலந்தை, மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு எல்லாம் செய்யுள் நூல்கள். சூடாமணியில் 12 தொகுதிகள் உண்டு. தேவர்களின் பெயர்கள் ஒரு தொகுதி, மக்கள் பெயர்கள் ஒரு தொகுதி, விலங்குகள், மரங்கள், இடங்கள் என்று பொருள் வாரியாகப் போகும். பதினோராவது தொகுதி ஒரே சொல்லுக்கு வரும் பல பொருள்களைச் சொல்வது. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் இவற்றை மனப்பாடம் செய்தார்கள். சொல் தலைக்குள்ளேயே இருந்ததால் அவர்களுக்குத் தேட வேண்டிய தேவை இல்லை. ஆனால் மனப்பாடம் செய்யாதவனுக்கும், குருவிடம் அமர்ந்து கற்க வாய்ப்பில்லாதவனுக்கும் நிகண்டு பூட்டிய பெட்டிதான்.

அந்தப் பூட்டைத் திறக்க முயன்றவர் சிதம்பரம் ரேவண சித்தர். 1594-ல் அவர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்து வரிசையில் அடுக்கியது. அகரம் ஆதியாக வருவதால் 'அகராதி'. ஆனால் அதுவும் செய்யுள்தான்.

முழுமையான திறவுகோலைச் செய்தவர் வெளியிலிருந்து வந்தார். இத்தாலியில் 1680-ல் பிறந்த பெஸ்கி பாதிரியார், அதாவது நம் வீரமாமுனிவர், 1732-ல் சதுரகராதியை எழுதி முடித்தார். செய்யுளை விட்டுவிட்டு, சொல்லையும் பொருளையும் அகர வரிசையில் நேராக வைத்தார். வளர்ந்த பிறகு தமிழைக் கற்றவர் அவர். சொல் தெரியாமல் தவிப்பவனின் சிரமம் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். அந்த நூல் ஏட்டிலேயே பல காலம் இருந்து 1824-ல் சென்னையில் அச்சேறியது.

சதுர் என்றால் நான்கு. அதில் நான்கு பகுதிகள் உண்டு. பெயரகராதியில் ஒரு சொல்லின் பல பொருள்களைப் பார்க்கலாம்: ஆழி என்றால் கடல், சக்கரம், மோதிரம். பொருளகராதி இதற்கு நேர் எதிர்: கடலுக்கு ஆழி, பரவை, முந்நீர் என்று எத்தனை பெயர்கள். தொகையகராதியில் முக்கனி, ஐம்பொறி போன்ற தொகைச் சொற்களின் விவரம் இருக்கும். தொடையகராதி செய்யுள் எழுதுபவர்களுக்கு எதுகைச் சொற்களைக் கொடுப்பது. அகராதியைப் பொருள் தெரியாத சொல்லுக்கு மட்டும்தான் நாம் இன்று எடுக்கிறோம். எழுதும்போது சரியான சொல் நினைவுக்கு வராமல் தவிக்கிறோமே, அதற்கும் அகராதி உண்டு என்பதை அவர் அன்றே காட்டிவிட்டார்.

அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1842-ல் 58,000 சொற்களுக்கு மேல் கொண்ட அகராதி வந்தது. யாழ்ப்பாணத்தில் நைட் பாதிரியார் தொடங்கிய தமிழ் - ஆங்கில அகராதிப் பணியை வின்சுலோ முடித்து 1862-ல் வெளியிட்டார். அதில் 67,000-க்கும் மேற்பட்ட சொற்கள். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1913-ல் தொடங்கிய வேலைக்கு முதல் பதிப்பாசிரியர் சாண்ட்லர். 1926 முதல் எஸ். வையாபுரிப் பிள்ளை பொறுப்பேற்று நடத்தினார். 1924-ல் வெளிவரத் தொடங்கி 1936-ல் ஆறு தொகுதிகளும் முடிந்தன. 1939-ல் அநுபந்தம் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள்! பொருளோடு நிற்காமல், அந்தப் பொருளில் அந்தச் சொல் எந்த நூலில் வருகிறது என்றும் அது காட்டும். 1992-ல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியோ, இன்று நாம் எழுதும் தமிழிலிருந்தே எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் தந்தது.

இவ்வளவு பேர் உழைத்துத் தந்ததை எப்படிப் பார்ப்பது? என் அனுபவத்தில் நான்கு விஷயங்கள் உதவின.

முதலாவது, வரிசை. இக்கால அகராதிகளில் புள்ளி வைத்த எழுத்து முன்னால் வரும். 'பக்கம்' முதலில், 'பகல்' அதற்குப் பின். இது தெரியாமல், சொல்லே இல்லை என்று அகராதியை மூடிவிடுபவர்கள் உண்டு.

இரண்டாவது, வேர். 'வந்தான்' என்று தேடினால் கிடைக்காது. 'வா' என்ற இடத்துக்குப் போக வேண்டும். 'கேட்டான்' என்பதற்குக் 'கேள்'. நம் மொழியில் அகராதி பார்க்கவே கொஞ்சம் இலக்கணம் வேண்டும். பார்க்கப் பார்க்க அந்த இலக்கணமும் வந்துவிடும்.

மூன்றாவது, முன்பக்கத்தில் இருக்கும் சுருக்கக் குறியீடுகளின் பட்டியல். பேச்சு வழக்கா, வட்டார வழக்கா, எந்த மொழியிலிருந்து வந்தது என்ற செய்தியெல்லாம் அந்தச் சின்னக் குறிகளில்தான் இருக்கிறது.

நான்காவது, என் ஆசிரியர் சொன்னது: கடைசி வரை படிப்பது. எல்லாப் பொருளையும் படித்துவிட்டு, நாம் வாசித்த வாக்கியத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால், பொருந்துவது எது என்று வாக்கியமே சொல்லிவிடும்.

இப்போது என் பேத்தி கைப்பேசியில் ஒரு சொல்லைத் தட்டினால் நொடியில் பொருள் வந்து நிற்கிறது. நல்ல வசதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவளும் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறாள். போன வாரம் அவளுக்கு அதே 400-வது குறள் பாடமாக வந்தது. "தாத்தா, திருவள்ளுவருக்கு மாடு பிடிக்காதா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து பழைய அகராதியை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

"கடைசி வரைக்கும் படிம்மா" என்றேன்.