இடுப்பில் தொங்கும் மீட்பு நிலையம்

நிறுவனங்களின் வரலாற்றை எழுதும்போது கட்டடம் திறந்த நாள், ரிப்பன் வெட்டியவர் பெயர் என்று தொடங்குவது விழா மலர்களின் வழக்கம். இந்தியச் சுரங்க மீட்பு நிலையங்களின் கதையை அப்படித் தொடங்க முடியாது. விபத்துகளின் பட்டியலில்தான் அது தொடங்குகிறது.

1935 ஜூலையில் கிரிடி நிலக்கரி வயலின் குர்ஹர்பாரி சுரங்கத்தில் 62 பேர் இறந்தார்கள். 1936 ஜனவரியில் ஜரியா வயலின் லோயாபாத்தில் 35 பேர். அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று ராணிகஞ்ச் வயலின் போய்டி சுரங்கத்தில் ஏற்பட்ட வெடிப்பில் 209 பேர். ஒன்றரை ஆண்டுக்குள் இவ்வளவும் நடந்து முடிந்த பிறகே, 1939இல் நிலக்கரிச் சுரங்க மீட்பு விதிகள் வந்தன. அவற்றின்படி 1941இல் ஜரியாவுக்காக தன்பாத்திலும் ராணிகஞ்சுக்காக சீதாராம்பூரிலும் இரண்டு நிலையங்கள் எழுந்தன. செலவுக்கு, சுரங்கத்திலிருந்து வெளியேறும் நிலக்கரி மீதே ஒரு சிறு தீர்வை விதிக்கப்பட்டது. தனித்தனி முதலாளிகளின் மனசாட்சியை நம்பாமல், வண்டியேறும் ஒவ்வொரு டன்னிலிருந்தும் காசைப் பிடித்துக்கொண்ட ஏற்பாடு அது. அன்றைய அரசின் செயல்களில் நான் மனதாரப் பாராட்டும் சிலவற்றில் இதுவும் ஒன்று.

இந்தியா இதில் தாமதமாக வந்த மாணவன். இங்கிலாந்தின் டாங்கர்ஸ்லியில் 1902லேயே மீட்பு நிலையம் வந்துவிட்டது. அதற்கும் முன்பே, 1896இல், ஜே. எஸ். ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர் ஓர் உண்மையை எடுத்துச் சொல்லியிருந்தார். சுரங்க வெடிப்பில் இறப்பவர்களில் பெரும்பாலோரைக் கொல்வது வெடியோ நெருப்போ அல்ல. அதற்குப் பின் பரவும் கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் இல்லாத இந்த வாயுவை மனிதனுக்கு முன்னால் உணர்ந்து மயங்கி விழும் என்பதால், கூண்டில் சிறு பறவையை எடுத்துச் செல்லலாம் என்றவரும் அவரே. பிரிட்டிஷ் சுரங்கங்களில் கேனரிப் பறவைகள் 1986 வரை வேலை பார்த்தன.

மீட்புக் கலை முழுவதும் ஹால்டேனின் அந்த உண்மை மீது கட்டப்பட்டது. மூச்சுக்கு வெளிக்காற்றை நம்பக்கூடாது என்றால், காற்றைத் தன்னோடு சுமந்து போக வேண்டும். நம் நிலையங்களில் நெடுங்காலம் ஆண்ட ‘புரோட்டோ’ கருவியின் வேலை இதுதான். முதுகில் ஆக்சிஜன் சிலிண்டர், மார்பில் ஒரு பை. வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவைப் பையிலுள்ள ரசாயனம் உறிஞ்சிக்கொள்ள, மிச்சக் காற்றே ஆக்சிஜன் சேர்ந்து மறுபடி வாய்க்குத் திரும்பும். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தாங்கும். மூக்கில் கிளிப், பற்களுக்கு நடுவே ரப்பர் வாய்த்துண்டு. பேச முடியாது, ஹாரன் ஒலியை எண்ணித்தான் ‘முன்னேறு’, ‘திரும்பு’ என்று சொல்லிக்கொள்ள வேண்டும். பின்னால் வந்த ஜெர்மானிய ‘டிரேகர்’ கருவிகள் இந்தக் காலத்தை நான்கு மணி நேரமாக்கின.

கருவி எவ்வளவு நல்லதானாலும் அதைச் சுமப்பது ஓர் உடல். விதிகளின் மருத்துவப் பகுதி இங்கேதான் நுழைகிறது. மீட்புப் பயிற்சிக்கு வருபவரின் இதயமும் நுரையீரலும் முதலில் சோதிக்கப்படும். பிறகும் குறித்த காலங்களில் சோதனை உண்டு. புகையும் வெக்கையும் நிரப்பிய பயிற்சிக் கூடத்தில் கருவியோடு தவழ்ந்து, மண் மூட்டை தூக்கி, ஸ்டிரெச்சர் இழுத்துக் காட்ட வேண்டும். உள்ளே ஒரு குழு போகும்போது, நல்ல காற்று வரும் எல்லையில் ‘ஃபிரெஷ் ஏர் பேஸ்’ என்ற முகாமில் இன்னொரு குழு ஆயத்தமாகக் காத்திருக்கும். போனவர்களை மீட்க வேறு ஆள் வேண்டுமே!

முதலுதவிப் பாடமும் காலத்தோடு மாறியது. மயங்கியவரைக் குப்புறப் படுக்க வைத்து முதுகை அழுத்தும் ஷேஃபர் முறை முதலில் இருந்தது. பிறகு கைகளைத் தூக்கி இறக்கும் ஹோல்கர் நீல்சன் முறை வந்தது. 1960 வாக்கில் வாயோடு வாய் வைத்து ஊதும் முறை இரண்டையும் ஓரங்கட்டியது. மாறாத பாடம் ஒன்று உண்டு: வாயு தாக்கியவர் எழுந்து நின்று ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்றாலும் நடக்க விடக்கூடாது. ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தை மோனாக்சைடு பிடித்திருக்கும் நிலையில், பத்தடி நடந்தாலும் இதயம் நின்றுபோகலாம்.

1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் 150 பேருக்கு மேல் வேலை செய்யும் ஒவ்வொரு சுரங்கத்திலும் முதலுதவி அறை வேண்டும் என்றது. மீட்பு விதிகள் 1959இல் திருத்தி எழுதப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டு சின்னாகுரி சுரங்கத்தில் 176 பேரும், பின்னர் 1965இல் தோரி சுரங்கத்தில் 268 பேரும் மாண்டனர். நிலையம் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், கருவியும் இருந்தது. இருந்தும் ஏன் இத்தனை சாவு?

விடை கடிகாரத்தில் இருக்கிறது. தொலைபேசி மணி அடித்து, வண்டி கிளம்பி, ஷாஃப்ட் என்ற செங்குத்துக் குழியில் இறங்கி, வாயுவைச் சோதித்து, உள்ளே நடக்கும் நேரத்தை எவ்வளவு குறைத்தாலும், மோனாக்சைடு எடுத்துக்கொள்ளும் நேரத்தை விட அது அதிகம். அமெரிக்காவில், 2006 ஜனவரி 2 அன்று மேற்கு வர்ஜீனியாவின் சாகோ சுரங்கத்தில் காலையில் வெடிப்பு. முதல் மீட்புக் குழு உள்ளே போக ஏறக்குறைய 11 மணி நேரம் ஆயிற்று. சிக்கிய 13 பேரில் ஒருவரே பிழைத்தார். இரண்டு குழுக்கள் ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருந்தாக வேண்டும் என்று அவ்வாண்டே அங்கே சட்டம் போட்டார்கள். ஆனால் அந்த ஒரு மணி நேரமும் உள்ளே இருப்பவன் எதை மூச்சாக இழுப்பான்?

என் கணிப்பில், நமது மீட்பு வரலாற்றின் மிகப் பெரிய கட்டடம் தன்பாத்தில் இல்லை. தொழிலாளியின் இடுப்பு பெல்ட்டில் தொங்குகிறது. செல்ஃப் ரெஸ்க்யூயர் என்ற அந்த டப்பாவுக்குள் மாங்கனீசு டை ஆக்சைடும் காப்பர் ஆக்சைடும் கலந்த ‘ஹாப்கலைட்’ இருக்கிறது. அது மோனாக்சைடைக் கரியமில வாயுவாக மாற்றிவிடும். மாற்றும்போது சூடு கிளம்பும். நச்சு கூடக் கூட வாய்க்குள் வரும் காற்று கொதிக்கும். வாய் எரிகிறதே என்று கழற்றி எறிந்தால் போச்சு. எரிவதுதான் வேலை செய்வதற்கு அடையாளம் என்பதைப் பயிற்சியில் உடம்புக்கே பழக்கிவிட வேண்டும். இதற்கும் ஓர் எல்லை உண்டு. காற்றில் ஆக்சிஜனே குறைந்துவிட்டால் வடிகட்டும் டப்பாவால் பயனில்லை. ஆக்சிஜனைத் தானே தரும் வகை வேண்டும். விலை கூடுதல், எடை கூடுதல். எட்டு மணி நேரமும் அதைச் சுமந்துகொண்டு குனிந்து வேலை செய்பவனைக் கேட்காமல் அலுவலகத்தில் எடுக்கும் முடிவுகள் அத்தனையும் அரைகுறை.

நிலக்கரியை விட்டுத் தங்கத்துக்கு வந்தால், தமிழர்கள் அதிகம் உழைத்த ஆழம் கோலார் தங்கவயல். அங்கே தீப்பிடிக்கும் மீத்தேனோ நிலக்கரித் தூசியோ சிக்கல் அல்ல. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனபோது, அழுத்தம் தாங்காமல் பாறையே வெடித்துச் சிதறியது. அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. ஆட்களை ஏற்றி இறக்கும் ஒரே கேஜில் மேலே வந்துவிட முடியாது. கட்டம் கட்டமாக மாறி ஏற வேண்டும். நசுங்கிய காலோடு ஒருவரை இறுகக் கட்டிய ஸ்டிரெச்சரில் அப்படி மேலே கொண்டுவருவதே தனிக்கலை. முதல் கை கொடுப்பவர் பக்கத்தில் நின்ற கூட்டாளிதான். மெதுவாகக் கொன்ற சிலிக்கோசிஸ் நோய்க்கு எந்த மீட்பு வண்டியும் வரவில்லை என்பதையும் இங்கே குறித்துவிட வேண்டும். நிலக்கரிக்கு மட்டும் என்றிருந்த மீட்பு விதிகள் உலோகச் சுரங்கங்களையும் சேர்த்துக்கொண்டது 1985இல். தங்கவயலுக்கு அப்போது நூறு வயது தாண்டியிருந்தது, 2001இல் மூடியேவிட்டார்கள்.

தண்ணீர் இன்னொரு எதிரி. 1975 டிசம்பர் 27 அன்று சாஸ்னாலா சுரங்கத்தில் மேலே தேங்கியிருந்த வெள்ளம் உடைத்துக்கொண்டு இறங்கியது. 375 பேரில் ஒருவரையும் காப்பாற்ற முடியவில்லை. 1989 நவம்பரில் ராணிகஞ்சின் மகாவீர் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தபோது 6 பேர் இறந்தார்கள், 65 பேர் உள்ளே சிக்கினார்கள். மேலிருந்து துளையிட்டு, உள்ளூர்ப் பட்டறையில் வெல்டிங் செய்த இரும்புக் கூண்டை இறக்கி, ஒவ்வொருவராக அனைவரையும் தூக்கினார்கள். பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில் தானே முதலில் இறங்கினார். இந்தச் சாதனையைக் கொண்டாடாத விழா மலர் இல்லை; கொண்டாடட்டும். ஆனால் ஜெர்மனியின் டால்புஷ் சுரங்கத்தில் 1955லேயே இத்தகைய கூண்டு மூவரை மீட்டது. 1963இல் லெங்கெடேயில் 11 பேரை மீட்டது. அப்படியிருக்க, 1989இல் நம் கிடங்கில் ஒன்றுகூடத் தயாராக ஏன் இல்லை என்ற கேள்வியையும் அதே பக்கத்தில் அச்சிட வேண்டும்.

2010இல் சிலியின் சான் ஹோசே சுரங்கத்தில் 33 பேர் 69 நாள் சிக்கியிருந்தபோது, கூண்டைப் போலவே மருத்துவமும் முன்னால் நின்றது. 17ஆம் நாள் துளை அவர்களை எட்டியதும் வயிறு முட்டச் சோறு அனுப்பிவிடவில்லை. பட்டினி கிடந்த உடலுக்குக் குளுக்கோஸில் தொடங்கிப் படிப்படியாக உணவு கூட்டினார்கள். உள்ளே இருந்தவர்களில் ஒருவரே மேலிருந்து மருத்துவர்கள் சொன்னபடி மற்றவர்களுக்குத் தடுப்பூசி போட்டார்.

2017இல் புதுப்பித்த நம் நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகள், சுரங்கம் தோறும் அவசரகாலத் திட்டம் எழுதி வைக்கச் சொல்கின்றன. மறு ஆண்டு டிசம்பரில் மேகாலயாவின் க்சான் கிராமத்தில் ‘எலிவளை’ எனப்படும் குறுகிய சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து 15 பேர் சிக்கினார்கள். கடற்படை முக்குளிப்பவர்கள் வந்தார்கள், பெரிய பம்புகள் வந்தன. பதிவேடு இல்லாத அந்தச் சுரங்கத்துக்கு வரைபடம் கிடையாது. உள்ளே இருந்தவர்களின் இடுப்பில் டப்பாவும் கிடையாது.